கொஞ்சம் கூடுதல்

ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ரிப்போர்ட்டை வெறும் வயிற்றோடு படிக்கக் கூடாது என்பதுதான் தெரிவதில்லை. பசியில் எந்த எண்ணைப் பார்த்தாலும் பயமாகத்தான் இருக்கும். கடைக்கு ரிப்போர்ட்டோடு வருகிறவர்களிடம், முதலில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

மருந்துக் கடைக்காரனுக்கு இதுவும் வேலைதான். டாக்டரை மறுநாள்தான் பார்க்க முடியும், அதுவரை இவர்களுக்குப் பொறுக்காது. கவரைப் பிரித்து, தடித்த எழுத்தில் இருப்பதை விரலால் தொட்டுக் காட்டுவார்கள். பெரும்பாலும் கல்லீரல் என்சைம்கள்தான். எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. என்று இரண்டு வரிகள். நான் அவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு கட்டடத்துக்குள் வேலை செய்கிறவர்கள் கும்பலாகத் தெருவில் நின்றால், உள்ளே ஏதோ நடந்திருக்கிறது என்று தெரியும். தீப்பிடித்ததா, தீயணைப்பு ஒத்திகையா, டீ குடிக்க வந்தார்களா என்று தெரியாது. இந்த எண்ணும் அப்படித்தான். கல்லீரல் செல்லுக்குள் இருக்க வேண்டியது கொஞ்சம் ரத்தத்துக்கு வந்திருக்கிறது. எதனால் என்று இந்தத் தாள் சொல்லாது. எடை கூடியிருக்கலாம். ஏதாவது மாத்திரையாக இருக்கலாம். சும்மாவே ஏறி, சும்மாவே இறங்கலாம். சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள், டாக்டரிடம் காட்டுங்கள், அதற்குள் உயில் எழுத வேண்டாம். சிரித்துக்கொண்டே போவார்கள். நான் சொன்னது ஒருமுறையும் தவறானதில்லை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், எனக்குத் தெரியாமல் செய்துவிட்டேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதுதான்.

என் தம்பியை நான்தான் வளர்த்தேன். அப்பா அம்மா இருவரும் அடுத்தடுத்துப் போனபோது அவன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பையனையும் சேர்த்துக் கட்டிக்கொள்ள அந்த வீட்டில் மனமில்லை, பேச்சு நின்றுபோனது. அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. சின்னவன் என்றுதான் கூப்பிடுவேன், கடைசிவரை.

வேலைக்குப் போன புதிதில் அவன் குடிக்க ஆரம்பித்தான். லேசான குடி இல்லை. எந்தப் பேருந்து நிறுத்தத்தில் விழுந்து கிடந்தாலும் ஆள் வந்து என்னிடம்தான் சொல்வார்கள். கடையைப் பாதியில் பூட்டிவிட்டுப் போய்த் தூக்கி வருவேன். குளிப்பாட்டி, சட்டை மாற்றி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவேன். தெருவில் என்னைப் பற்றி ஒரே பேச்சுத்தான். 'இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பான்.' அதை அவர்கள் என் காதுபடவே சொன்னார்கள்.

பிறகு ஒரு பெண் வந்தாள். கிடங்கில் அவன் சரக்கு தூக்கும் வண்டி ஓட்டினான், அவள் அங்கே அலுவலகத்தில் இருந்தாள். குடியை விட்டால் கல்யாணம் என்றாள். விட்டான். அவ்வளவு எளிதாக விட்டான். நான் அத்தனை வருடம் கெஞ்சி நடக்காதது, அவள் ஒருமுறை சொல்லி நடந்தது.

குடியை விட்டவர்கள் கூடுகிற மன்றம் ஒன்று உண்டு. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருவார்கள். ஐந்து வருடம் தாண்டியவர்களுக்கு ஒரு பதக்கம் கொடுப்பார்கள். சின்னவனுக்குக் கொடுத்த அன்று என்னையும் கூப்பிட்டிருந்தான். எழுந்து நின்று, மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பேசினான்.

"என்னை மனுஷனா ஆக்கினது என் பொண்டாட்டிதான். இவ இல்லேன்னா நான் எப்பவோ போயிருப்பேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என்னைப் பற்றி ஏதாவது சொல்வான் என்று கடைசிவரை பார்த்தேன். பிறகு பிஸ்கட் தட்டை எடுத்துவந்து, "அண்ணே, எடுத்துக்கங்க" என்றான். அதுதான் எனக்கான பங்கு.

கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. கோபம் வந்திருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும்.

அதற்கப்புறம் கம்பெனியில் வருடாந்திரப் பரிசோதனை செய்தார்கள். ஒரு மதிய வேளையில் கவரோடு கடைக்கு வந்தான், அவளும் கூட வந்தாள்.

"அண்ணே, மத்ததெல்லாம் சரியா இருக்கு. இது மட்டும் தடிச்ச எழுத்துல போட்டிருக்காங்க."

எஸ்.ஜி.பி.டி. எழுபத்தெட்டு. நாற்பதை ஒட்டி இருக்க வேண்டியது. எஸ்.ஜி.ஓ.டி. அதைவிடக் குறைவு. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. குடியை விட்டதிலிருந்து அவன் இனிப்பில் விழுந்திருந்தான், சட்டை பொத்தான் வயிற்றில் இழுத்துக்கொண்டிருந்தது. முதுகுவலிக்கு என் கடையில்தான் மாத்திரை வாங்கித் தின்றுகொண்டிருந்தான். வேறு யாராவது இந்த ரிப்போர்ட்டைக் கொண்டுவந்திருந்தால், இனிப்பைக் குறை, மாத்திரையை நிறுத்து, டாக்டரைப் பார், அடுத்த மாதம் மறுபடி எடு என்று சொல்லி அனுப்பியிருப்பேன்.

தாளை மடித்தேன். அவளைப் பார்த்து, "நீ கொஞ்சம் வெளியில நில்லும்மா" என்றேன்.

அவள் நகரவில்லை. "பரவாயில்ல மாமா, சொல்லுங்க."

"ஒண்ணுமில்லம்மா. கல்லீரல் கொஞ்சம் கூடுதலா இருக்கு, அவ்வளவுதான்." பிறகு அவன் பக்கம் திரும்பி, "சின்னவனே, நீ கடைசியா எப்ப..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். "எப்ப ஒழுங்காத் தூங்கினே?" என்று முடித்தேன்.

குடி என்ற சொல்லை நான் சொல்லவே இல்லை. இதை நீங்கள் அவளிடமே கேட்டுக்கொள்ளலாம். அந்தத் தாளிலும் அந்தச் சொல் இல்லை. ஆனால் அவள் முகத்தில் அது எழுதியிருந்தது. ஐந்து வருடம் அடக்கி வைத்திருந்த பயம், பாவம், கதவைத் திறந்து வைத்தால் வராமல் என்ன செய்யும்?

அன்றிலிருந்து அவன் வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே பக்கத்தில் வந்து நிற்பாளாம். மூச்சை முகர்ந்து பார்க்கிறாள் என்று அவனே என்னிடம் சொன்னான், சிரித்துக்கொண்டுதான் சொன்னான். "அடுத்த டெஸ்ட்ல சரியா வந்திடும்ணே. வந்ததும் அவ முகத்துல ஒட்டி வைக்கிறேன்."

அது உண்மை. சரியாகத்தான் வந்திருக்கும். எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

கல்லீரலுக்கு நல்லது என்று ஒரு குப்பி கேப்ஸ்யூல் கொடுத்தேன். அவற்றுக்குள் நான் என்ன வைத்தேன் என்பதை முன்பே உங்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன், மறுபடி சொல்ல விருப்பமில்லை. கடையில் தினமும் விற்கிற சாதாரணப் பொருள்தான். அளவு மட்டும் சாதாரணம் இல்லை. காலையும் மாலையும் விடாமல் சாப்பிட்டான். நான் கொடுத்ததை அவன் என்றைக்கும் ஏன் என்று கேட்டதில்லை.

இரண்டாவது ரிப்போர்ட்டில் எண் பல மடங்கு ஏறியிருந்தது. அவள் சண்டை போடவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது கடையில் நின்றாள். குழந்தை, "பெரியப்பா, நாங்க ஊருக்குப் போறோம்" என்றது.

"மறுபடி அதைப் பார்க்கத் தெம்பு இல்ல மாமா. நீங்கதான் அவரைப் பாத்துக்கணும். உங்களுக்குத்தான் முடியும்."

நல்ல பெண். அவள்மேல் எனக்கு எந்தக் குறையும் கிடையாது. அந்த வாக்கியத்தைச் சொல்ல அவளுக்கு இவ்வளவு காலம் ஆனது, அதுதான்.

சின்னவன் என் வீட்டுக்கு வந்தான். அவனுடைய பழைய அறையைத் துடைத்து வைத்திருந்தேன். கட்டிலில் உட்கார்ந்து, "சத்தியமா நான் தொடலண்ணே" என்றான்.

"எனக்குத் தெரியும்டா" என்றேன்.

நான் சொன்னது முழு உண்மை. ஆனால் அதை எந்தக் குரலில் சொல்ல வேண்டும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. நம்பாதவன் ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கம்பெனியில் அவனை வண்டியிலிருந்து இறக்கி, பெட்டிகளுக்கு முத்திரை குத்துகிற வேலைக்கு மாற்றினார்கள். மன்றத்துக்குப் போனபோது, தலைவர் மிகவும் அன்பாக, "வெட்கப்பட ஒண்ணுமில்ல தம்பி, முதல் நாள்லேருந்து ஆரம்பிக்கலாம்" என்றாராம். இவனும் எழுந்து நின்று, ஆரம்பிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். குடிக்காதவன், குடித்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான். திரும்பி வந்து என்னிடம், "தூக்கத்துல எழுந்து போய்க் குடிப்பாங்களாண்ணே? அப்படி ஏதாவது வியாதி இருக்கா?" என்று கேட்டான். கேள்விப்பட்டிருக்கிறேன் என்றேன்.

கல்லீரல் டாக்டர் ஒருத்தரிடம் கூட்டிப்போனேன். கூட்டிப்போகாமல் இருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள். கெட்டிக்காரப் பெண்மணி. ரிப்போர்ட்டுகளை வரிசையாக மேஜையில் பரப்பினார்.

"குடிக்கிறவங்களுக்குப் பெரும்பாலும் எஸ்.ஜி.ஓ.டி.தான் தூக்கலா இருக்கும். இவருக்குத் தலைகீழா இருக்கு. இவர் குடிக்கலேன்னு சொல்றதை நான் நம்பறேன். வேற என்ன மாத்திரை சாப்பிடறார்?"

"எதுவும் இல்லைங்க" என்றேன். சின்னவனும் தலையாட்டினான். அவன் பொய் சொல்லவில்லை. அண்ணன் கொடுப்பது அவன் கணக்கில் மாத்திரையே இல்லை.

வீட்டில் வாயில் போடுகிற எல்லாவற்றையும் ஒரு பையில் கொண்டுவாருங்கள் என்றார். கொண்டுபோனேன். இருமல் மருந்து, தைலம், பல்பொடிகூட வைத்திருந்தேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அந்தக் குப்பி மட்டும் கடையில் இருந்தது.

திரும்பி வரும்போது சின்னவன் பேருந்தில் அழுதான். "டாக்டர் நம்பறாங்கண்ணே. ஒருத்தராவது நம்பறாங்க." வீட்டுக்கு வந்ததும் மனைவிக்கு ஃபோன் செய்தான். அடுத்த ரிப்போர்ட் வரட்டும், இறங்கியிருந்தால் நானே வந்து கூட்டிப்போகிறேன் என்று அவள் சொன்னாளாம். மகளிடமும் பேசினான். ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். மன்றத்தில் சிரித்த அதே சிரிப்பு.

அந்த வாரம் நான் கேப்ஸ்யூலைக் கூட்டிக் கொடுத்தேன்.

ரிப்போர்ட்டை அவனே போய் வாங்கினான். அதற்குள் அவனுக்கும் படிக்கத் தெரிந்துவிட்டது, எந்த வரியில் பார்க்க வேண்டும் என்று. பரிசோதனைக் கூடத்து வாசலிலேயே பிரித்திருக்கிறான். பிறகு கடைக்கு வரவில்லை. மாலையில் ஆள் வந்து சொன்னார்கள். பழையபடி பேருந்து நிறுத்தம்தான்.

கடையைப் பாதியில் பூட்டினேன். என்னைப் பார்த்ததும், "எல்லாரும் சொல்றீங்களேண்ணே, அதான் குடிச்சிட்டேன்" என்றான். தூக்கி வந்து குளிப்பாட்டினேன். சட்டை மாற்றி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, நாற்காலியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "உங்களுக்குக் கோயில் கட்டணும்" என்றார்.

மறுநாள் காலை அவன் எழுந்ததும் தண்ணீரும் கேப்ஸ்யூலும் கொடுத்தேன். அப்போதாவது ஏன் நிறுத்தவில்லை என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குடிக்காதபோது ஏறிய எண், குடிக்க ஆரம்பித்ததும் இறங்கினால் அந்த டாக்டருக்குச் சந்தேகம் வராதா? அதோடு, குடியும் அதுவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கடைக்கு வருகிறவர்களிடம் எத்தனையோ முறை எச்சரித்திருக்கிறேன்.

அவன் கண் மஞ்சளானது. பிறகு பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தெளிவாகப் பேசியபோது, "உங்களுக்கு மறுபடி கஷ்டம் குடுத்துட்டேண்ணே, மன்னிச்சிடுங்க" என்றான். சரிடா என்றேன். அவன் மனைவி ஓடிவந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, உங்களை மாதிரி அவரைத் தாங்க எனக்குத் தெரியலையே மாமா என்று அழுதாள். அந்த டாக்டர் மட்டும் அழவில்லை. அவன் ரத்தத்தை எடுத்து, குடியைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று தேடச் சொன்னார். அதனால்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

என் தம்பியைக் கொன்றது நான்தான். காலையும் மாலையும், என் கையால், தண்ணீரோடு கொடுத்தேன். கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள், போடுகிறேன்.

நீங்கள் எழுதியதில் ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். அவன் குடிக்கிறான் என்று நான் பொய்யாக நம்பவைத்தேன் என்று இருக்கிறது. அது சரியில்லை. அவன் கடைசியில் குடித்தான், தெருவே பார்த்தது. அவனை வளர்த்தவன் நான், அவனைப் பற்றி எனக்குத் தெரியாதா? மற்றவர்களுக்குத் தெரிவதற்குக் கொஞ்சம் முன்னால் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.