வாலிகண்டபுரம் தாண்டித் திரும்பிய வண்டி

சிவசுப்பிரமணியன்: பொய் சொல்லாதடா கொளஞ்சி! நோயாளி வண்டிங்க ஒழுங்கா ஓடுதான்னு பாக்கத்தான் ஜில்லா போர்டு ஆபீஸ்லேருந்து என்னை அனுப்பியிருக்காங்க. நீ குடுத்த சீட்டுல புள்ளையோட கைரேகை இருக்கு. ஆஸ்பத்திரி முத்திரை எங்க?

கொளஞ்சி: அது... டாக்டரய்யா மறந்திருப்பாரு சாமி...

சிவசுப்பிரமணியன்: பெரம்பலூர் ஆஸ்பத்திரி நோட்டையும் புரட்டிட்டேன். போன செவ்வாக்கெழமை ஆண்டாயின்னு ஒருத்தியும் வரல. காய்ச்சல்னு நீ ஏத்துன புள்ள எங்கடா போச்சு? ஏ செங்கமலம், பெத்தவ நீயாவது சொல்லு.

செங்கமலம்: போனோங்க... வழியிலயே காய்ச்சல் விட்டுடுச்சு. ஆண்டிமடத்துல எந் தம்பி வூட்டுக்கு அனுப்பிட்டேன்.

சிவசுப்பிரமணியன்: ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமலே விட்டுடுச்சா? பேஷ்! வைத்தியம் பாத்தது யாரு, வண்டிமாடா?

கொளஞ்சி: சாமி, சாமி! வண்டியில ஒக்காராதீங்க!

சிவசுப்பிரமணியன்: ஏண்டா பதறுற? சத்திரத்துலேருந்து நடந்து வந்தது கால் கடுக்குது. செத்த இந்த வக்கோல்ல...

கொளஞ்சி: மூட்டப்பூச்சிங்க... கடிச்சுப் புடுங்கும்.

சிவசுப்பிரமணியன்: இதென்ன, உள்ள வேப்பெல?

செங்கமலம்: பூச்சிக்குத்தாங்க போட்டது!

சிவசுப்பிரமணியன்: அவனைக் கேட்டா நீ முந்திக்கற... இருங்க, தண்ணி குடிச்சிட்டு வந்து வச்சுக்கறேன். ஊர்க் கெணறு எந்தப் பக்கம்?

செங்கமலம்: அந்தப் புளியமரத்துக்கு அந்தாண்ட சாமி.

கொளஞ்சி: ...போயிட்டாரா?

செங்கமலம்: போயிட்டாரு. அண்ணே, சொல்லிடலாமா?

கொளஞ்சி: வாய மூடு புள்ள! என் வண்டி போனாப் போவட்டும். உம் மவளைக் கொட்டகைக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. இருசம்மா மவன் போனானே, திரும்பி வந்தானா?

செங்கமலம்: ஐயோ, அதைச் சொல்லாத!

கொளஞ்சி: நெல்லு கடத்துனேன்னு சொல்லிடறேன். ஜெயிலுதானே...

செங்கமலம்: எனக்காவ நீ ஜெயிலுக்கா?

கொளஞ்சி: பாதி வழியில வண்டியத் திருப்புனது நாந்தானே புள்ள... ஷ்ஷ், ஓடி வராரு பாரு.

சிவசுப்பிரமணியன்: டேய் கொளஞ்சி! மாட்டைப் பூட்டு! சீக்கிரம்!

கொளஞ்சி: சாமி, ஒத்துக்கறேன்! புள்ளைய ஏத்தல. ரேகைய வாங்கிக்கிட்டு நெல்லு மூட்டைதான் கொண்டு போனேன். வண்டிய ஜப்தி பண்ணிடுங்க!

சிவசுப்பிரமணியன்: நெல்லும் ஆச்சு, மண்ணும் ஆச்சு! பூட்டுன்னா பூட்டுடா. கெணத்தடியில சத்திரத்து ஆளு வந்து சொல்றான், ஜானகிக்கு இடுப்பு வலி கண்டிருக்காம்.

செங்கமலம்: யாருக்குங்க?

சிவசுப்பிரமணியன்: என் சம்சாரம். எட்டு மாசம். தாய் வூட்டுல விடலாம்னு கூட்டிட்டு வந்தேன். யுத்தத்துல பெட்ரோல் கெடைக்காம பஸ்ஸும் நின்னு போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போவ இந்த வண்டிய விட்டா வேற ஏது?

கொளஞ்சி: மாடு நொண்டுதுங்க...

சிவசுப்பிரமணியன்: நல்லாத்தானே நிக்குது!

கொளஞ்சி: அச்சு... அச்சு முறிஞ்சிருக்கு சாமி.

சிவசுப்பிரமணியன்: என் மேல கோவமா? கேஸெல்லாம் எழுதல, போ. சீட்டைக் கிழிச்சுப் போட்டுடறேன். ரெண்டு கொழந்தை தங்காமப் போச்சுடா எனக்கு. இதுவாவது... அவ அந்த வக்கோல்ல ஒருக்களிச்சுப் படுத்தாப் போதும்...

செங்கமலம்: அண்ணே...

கொளஞ்சி: நீ உள்ள போ புள்ள.

செங்கமலம்: போவ மாட்டேன்.

கொளஞ்சி: செங்கமலம்! சாமி சீட்டையே கிழிக்கறேங்கறாரு. வாயத் தொறக்காத!

சிவசுப்பிரமணியன்: ஏம்மா அழுவற? என்னதான் நடந்துச்சு இந்த வண்டியில?

செங்கமலம்: அந்தம்மாவை இதுல ஏத்தாதீங்க சாமி! நெல்லுமில்ல, ஒண்ணுமில்ல. எம் மவதான் அந்த வக்கோல்ல கெடந்தா. வாலிகண்டபுரம் தாண்டறப்ப பாத்தா ஒடம்பெல்லாம் அம்ம முத்து. ஆத்தா எறங்கின ஒடம்பை ஊசி குத்துற எடத்துக்குக் கொண்டு போவக் கூடாதுன்னு பயந்து திருப்பிட்டோம். ஆண்டாயி எந்த ஆண்டிமடத்துக்கும் போவல... இந்தக் கதவுக்குப் பின்னால, வேப்பெல மேல படுத்திருக்கா. அவளைத் தூக்கிட்டுப் போறதுன்னா, என்னையும் அம்ம கண்டவங்களை அடைக்கற அந்தக் கொட்டகையிலயே போட்டுடுங்க சாமி.