உள்மடிப்பு

— இன்னும் ஒரே ஒரு கரண்டிப்பா.

— இத நாலு கரண்டிக்கு முன்னாடியே சொல்லிட்டே. கணக்கு டீச்சருக்கு ஒண்ணுக்கு அப்புறம் எண்ணத் தெரியாதா?

— தெரியும். வாயத் தொறங்க. ஊதிட்டேன், சூடில்ல. புரிஞ்சுதா?

— இது என்ன, மஞ்சளா இருக்கு?

— கஞ்சிதான்.

— முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறவங்களக் கேள்விப்பட்டிருக்கேன். நீ கஞ்சியிலயே மறைக்கிறே.

— வேகவெச்சு, மசிச்சு, ரெண்டு தரம் வடிகட்டியிருக்கேன். தொண்டையில ஒட்டாது, வயித்துக்கும் பாரமில்ல. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி குடுக்கணும்னு டாக்டர் சொன்னாருல்ல?

— அவருக்கென்ன, சொல்லுவாரு. முழுங்குறது நான்ல? எதைப் போட்டாலும் வாயில இரும்பா கசக்குதும்மா.

— அதுக்குத்தான் மரக்கரண்டி வாங்கினேன். காலம் பூரா குண்டூசிய வாயில கவ்விக்கிட்டே தைச்ச மனுஷன், இப்ப இரும்புன்னா மூஞ்சியச் சுளிக்குறீங்க!

— குண்டூசி ருசியா இருந்துச்சு. அது வாயில இருந்தா கையில வேலை இருக்குன்னு அர்த்தம்.

— வேலைக்கென்ன பஞ்சம்? காலையில கூட அந்தக் கோட்டுக்காரர் வந்து கீழ கடைக் கதவத் தட்டினாரு. ஒரு கை வெச்சாச்சு, இன்னொரு கை வெக்கணும், அவ்வளவுதானேன்னு கேக்குறாரு.

— வேற டெய்லர்கிட்டக் குடுத்துடச் சொல்லு. பாவம், ஒத்தக் கைக் கோட்ட வெச்சுக்கிட்டு அவரு என்ன பண்ணுவாரு?

— நீங்களே வந்து வெச்சுக் குடுப்பீங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

— நல்லா சொன்னே போ.

— ஏன், என்ன தப்பு? நாளைக்கு ஆஸ்பத்திரியில எடை பாக்குறாங்க. இதுக்கு மேல இறங்காம இருந்தா மறுபடி மருந்து ஏத்தலாம்னு டாக்டரே சொல்லியிருக்காரு. ஏறக்கூட வேணாம்ப்பா. இறங்காம இருந்தாப் போதும்.

— இறங்கியிருந்தா?

— அந்தப் பேச்சே வேணாம்.

— இறங்கியிருந்தா மருந்த உடம்பு தாங்காது, வீட்டுலயே வெச்சுப் பாத்துக்கோங்கன்னு அனுப்பிடுவாங்க. அவரு உன்ன வெளிய கூப்பிட்டுச் சொன்னது எனக்குக் கேட்டுச்சு. உடம்புதான் இளைச்சிருக்கு, காது இளைக்கல.

— ஒட்டுக்கேட்டீங்களா?

— கதவ நீ சாத்தல. விட்டுடேன்ம்மா. போதும். ஸ்கூலுக்கு ஓடுறே, அடுப்புக்கு ஓடுறே... ஓட்டைக் குடத்துல எதுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருக்கே?

— யாரு ஓட்டைக் குடம்? சட்டையக் குனிஞ்சு பாருங்க. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தன்னிக்கு ஆணியில மாட்டின மாதிரி தொங்குச்சு. இப்ப அளவெடுத்துத் தைச்ச மாதிரி நிக்குது. உடம்பு தேறாமலா?

— நிக்குது, நிக்குது.

— கண்ணாடியில பாத்துட்டு, பரவால்லியே, கொஞ்சம் சதை வெச்சிருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?

— சொன்னேன்.

— அன்னிக்கு அரைக் கிண்ணம் குடிச்சீங்க. அதே மாதிரி இப்பவும்... அய்யோ, பாத்து, பாத்து!

— முடியலம்மா. உள்ள நிக்க மாட்டேங்குது.

— பரவால்ல, சட்டையிலதானே. துடைச்சுக்கலாம். கையத் தூக்குங்க, கழட்டி விடுறேன்.

— மெதுவா. விலாவுல உறுத்துது.

— அப்பா! என்ன இது, இந்தப் பக்கம் பூரா செவந்து தடிச்சுப் போயிருக்கு?

— சட்டைக்குள்ள இருக்குற மடிப்பு அறுக்குது. எலும்பு மேல தோல் மட்டும்தானே இருக்கு. அந்தச் சட்டைய இங்க குடு.

— துவைக்கப் போட்டுடுறேன்ப்பா.

— குடுன்னா குடு. இங்க பாரு, பக்கத்துத் தையல. கிளம்பும்போது நேராப் போகுது, நடுவுல எதிர்வீட்டுக்குப் போய் எட்டிப் பாத்துட்டு, கடைசியில மறுபடி வீடு திரும்புது. என் மிஷின்ல இப்படித் தைக்குறது இந்த உலகத்துலயே ஒரே ஆளுதான்.

— அப்பா...

— சின்னப் பிள்ளையிலேர்ந்து சொல்றேன், ஊசியப் பாக்காதே, துணியப் பாத்து ஓட்டுன்னு. கொல்லன் தெருவுலயே ஊசி விக்க வந்துட்டே!

— எப்ப தெரிஞ்சுது?

— போட்ட அன்னிக்கே.

— அப்புறம் ஏன் சதை வெச்சிருக்குன்னு சொன்னீங்க?

— உன் மூஞ்சியப் பாத்தேன். சொல்லிட்டேன்.

— வேற என்னப்பா செய்யச் சொல்றீங்க? கிண்ணத்தப் பாத்தாலே சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டீங்க. எடை மிஷினத் தூக்கிப் பரண்ல போட்டேன். நீங்க பாக்கக் கூடாதுன்னு மட்டுமில்ல, எனக்கே பாக்க தைரியமில்ல. நீங்க தூங்குறப்ப இருக்குற சட்டையெல்லாம் எடுத்து, ரெண்டு பக்கமும் உள்ள பிடிச்சுத் தைச்சேன். தேறிக்கிட்டு வரோம்னு நெனச்சா நாலு வாய் சாப்பிடுவீங்கன்னு... பொய்தான். ஒத்துக்குறேன். ஆனா மிச்சத்தையும் கேளுங்க.

— கேக்குறேன்.

— தைச்சது ஒரே ஒரு தடவைதான். அதுக்கப்புறம் தொடவேயில்ல, சத்தியமா. எவ்வளவு நாளாச்சு! இன்னும் லூசாகல. அப்படின்னா என்ன அர்த்தம்? இறங்குறது நின்னுடுச்சு. இது பொய்யில்லப்பா. தினம் காலையில நீங்க பட்டன் போடுறப்ப அதத்தான் பாக்குறேன். அத நம்பித்தான் அடுப்பப் பத்த வெக்கிறேன், அத நம்பித்தான் ஸ்கூல்ல போய் நிக்கிறேன்...

— டீச்சரம்மா.

— நின்னுடுச்சுப்பா. புரிஞ்சுதா உங்களுக்கு?

— உன் தையலுக்குப் பக்கத்துல, உள்ள தள்ளிப் பாரு. இன்னொண்ணு இருக்கும்.

— இன்னொண்ணா? நான் ஒண்ணுதானே... இது மிஷின் தையலே இல்லையே. கைத்தையல். நூல் பிடிச்ச மாதிரி நேரா... அப்பா?

— மிஷின மிதிக்கக் கால்ல வலு ஏது?

— தம்ளர் பிடிச்சாலே உங்களுக்குக் கை நடுங்குது!

— ஊசி பிடிச்சா நடுங்குறதில்ல.

— எப்பப்பா?

— நீ ஸ்கூலுக்குப் போனதும். சட்டை மறுபடி தொளதொளன்னு ஆயிடுச்சு. நீ வந்து பாத்தா அங்கயே உக்காந்துடுவே.

— அப்போ... இறங்கிக்கிட்டேதான் இருந்துச்சா?

— ஆமா.

— நான் தினம் பாத்துப் பாத்துச் சந்தோஷப்பட்டது?

— வேலை சுத்தமா இருந்துச்சுல்ல?

— சிரிக்காதீங்க! எப்படிப்பா மனசு வந்துச்சு உங்களுக்கு?

— உனக்கு வந்த மாதிரிதான்.

— நாளைக்கு ஆஸ்பத்திரி எடை மிஷின் மேல ஏறி நிப்பீங்க. அது சொல்லிடும். அப்புறம் நான் என்னப்பா செய்வேன்? வீட்டுக்கு வந்து யாருக்குக் கஞ்சி காச்சுவேன்?

— அழுதுடு. அடக்காதே. இப்படி வா, பக்கத்துல உக்காரு.

— வேணாம். கிண்ணத்த எடுத்துடுறேன். இனிமே வாயத் தொறங்கன்னு சொல்ல மாட்டேன். உங்களப் படுத்தினதெல்லாம் போதும்.

— ம்.

— மத்த சட்டையும் இப்படித்தானே அறுக்கும்? கத்தரிய எடுக்குறேன். உள்ள மடிஞ்சு கிடக்குற துணியையாவது வெட்டி விடுறேன், உறுத்தாமப் படுங்க. நான்தான் தெரியாம விட்டேன். நீங்க எப்படி விட்டீங்க? மிச்சத்த வெட்டாத டெய்லர் டெய்லரே இல்லேன்னு சொல்லுவீங்களே.

— கத்தரிய வெச்சிடு.

— புண்ணாயிடும்ப்பா.

— ஆகட்டும். வெட்டிட்டா, உடம்பு வந்தப்புறம் பிரிச்சு விட எங்கேர்ந்து துணி வரும்?