பாக்கார் ஆராங்கில் மழை மறைவுப் பகுதி

மலேசியாவின் சுங்கைப் பட்டாணி நகரில் பாக்கார் ஆராங் காலைச் சந்தை. காய்கறிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். ஒருவர், மறுநாள் வீட்டுப் பந்தலில் நடக்கவிருக்கும் மகளின் நிச்சயதார்த்தத்துக்குச் சாமான் வாங்க வந்தவர். மற்றவர் அவருடைய அண்ணி, புவியியல் ஆசிரியை.

"நாளைக்கு மழை நம்ம வீட்டுல இல்ல அண்ணி, எதிர்வீட்டுலதான்."

"எப்படிச் சொல்றே?"

"ஈர்க்குச்சியில மிளகாயும் வெங்காயமும் குத்தி வாசல்ல நட்டா மழை தள்ளிப் போயிடும் லா."

"வெயில்ல தரை சூடாகும், ஈரக்காத்து மேல போயி குளிரும், சாயங்காலம் கொட்டும். அதுக்குப் பேரு வெப்பச்சலன மழை. மிளகாயைப் பார்த்தெல்லாம் அது பயப்படாது."

"மலை தடுத்தா ஒரு பக்கம் மழை, மறுபக்கம் காய்ஞ்சு கிடக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது மழை மறைவுப் பகுதி. அதுக்கு மலை வேணும்."

"நமக்கு மிளகாய் போதும்."

கடைக்காரர் தராசிலிருந்து நிமிர்ந்தார். "அக்கா, உங்க எதிர்வீட்டு அம்மா நேத்தே வந்து, வாசல்ல நடறதுக்குன்னு மிளகாய் வாங்கிட்டுப் போனாங்க. அவங்க வீட்டுலயும் நாளைக்குப் பந்தலாம். பேரனுக்குப் பொறந்தநாள்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புவியியல் ஆசிரியைதான் முதலில் வாய் திறந்தார்.

"தம்பி, எங்களுக்கு ரெண்டு கிலோ போடுங்க. நல்ல காரமா பாத்து."