திரும்பி நிற்கும் டீச்சர்

அக்கா: ஃபோன இன்னும் கொஞ்சம் இறக்குடா. காலு தெரியாம நான் என்னத்த அடவு சொல்லிக்குடுக்கறது?

தம்பி: இறக்கினா தலை போயிடுது, ஏத்தினா காலு போயிடுது. ஒண்ணு நீ குள்ளமாகணும், இல்ல சுவரு பின்னாடி நகரணும்.

அக்கா: கட்டில நிமித்தி வச்சாச்சு, பீரோவ நடையில தள்ளியாச்சு. இனி சுவர இடிக்கறது ஒண்ணுதான் பாக்கி.

தம்பி: பக்கத்து வீட்டுக்காரர் நீ அததான் பண்றேன்னு நெனச்சிட்டிருக்காரு. காலைல கேட்டாரு, "உள்ள மரவேல ஏதாவது நடக்குதா"ன்னு.

அக்கா: தாளம் தட்டற தட்டுக்கட்டைக்கு அடியில துணிய மடிச்சுதானே போட்டிருக்கேன்!

தம்பி: கட்டைக்குப் போட்ட. உன் காலுக்கு யாரு போடறது?

அக்கா: வாய மூடிட்டு ஸ்டூல புடி. அந்த மேச விளக்கு எனக்குப் பின்னாடியே இருக்கட்டும், முன்னாடி கொண்டு வராத.

தம்பி: எத்தன மேடைக்கு லைட் போட்டிருக்கேன்... மூஞ்சில வெளிச்சமே விழக்கூடாதுன்னு சொல்ற ஒரே ஆர்ட்டிஸ்ட் நீதான்க்கா.

அக்கா: ஆமா, அதுக்கென்ன இப்ப?

தம்பி: ஒண்ணுமில்ல. அந்த மாஸ்க்கயாவது எடேன். வீட்டுக்குள்ள நாம ரெண்டு பேருதானே?

அக்கா: நீ கடைக்குப் போயிட்டு வந்தவன்.

தம்பி: வந்ததும் சோப்பு போட்டே என்னைப் பாதியா கரைச்சுட்டியே!

அக்கா: கிளாஸ் முடிஞ்சு எடுக்கறேன்.

தம்பி: தெனம் இதத்தான் சொல்ற...

அக்கா: ஆரம்பிக்காத.

தம்பி: சரி, ஆரம்பிக்கல. இன்னிக்கு என்ன பாடம்? முகபாவம்தானே?

அக்கா: அடவு.

தம்பி: அடவெல்லாம் முடிஞ்சுது, இனி பாட்டு, முகபாவம்னு நீயேதானே சொன்ன? புள்ளைங்க ஆசையா காத்துட்டிருக்குதுங்க.

அக்கா: காத்துட்டிருக்கட்டும். டான்ஸ் ஹால் தொறந்ததும் பாத்துக்கலாம்.

தம்பி: ஹால் எப்ப தொறக்கும்?

அக்கா: தொறக்கறப்ப.

தம்பி: நல்ல பதில். பூட்டு துருப்புடிச்சுப் போச்சு, நோய் இன்னும் ஊர் சுத்திட்டுதான் இருக்கு...

அக்கா: ஃபோன்ல முகபாவமெல்லாம் வராதுடா! தபால்தலை அளவு கட்டத்துல நான் அழுதா என்ன, சிரிச்சா என்ன?

தம்பி: மொதல்ல டான்ஸே வராதுன்ன. தபால்ல நீச்சல் சொல்லிக்குடுக்கற மாதிரின்ன.

அக்கா: அப்படித்தானே இருந்துச்சு! நான் இங்க தட்டினா அங்க காலு எப்பவோ விழுது. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நேரத்துல. மேலேர்ந்து பாத்திரத்த உருட்டிவிட்ட மாதிரி...

தம்பி: அதுக்கு வழி கண்டுபிடிச்சது யாரு?

அக்கா: என்ன பெரிய வழி... தட்டறத முன்னாடியே பதிவு பண்ணி அனுப்பினேன். அததுங்க வீட்டுல போட்டு ஆடுதுங்க. நான் சத்தத்த அணைச்சுட்டு பாக்கறேன்.

தம்பி: பெரிய வழிதான். ஒரு புள்ளகூட கிளாஸ விட்டு நிக்கலியே!

அக்கா: பாக்கறேன்னு வாய்தான் சொல்லுது. முதுக காட்டிட்டு நிக்கறவ எங்க பாக்கறது? பாக்கறதெல்லாம் நீ.

தம்பி: "மேல் வரிசையில ஓரத்துல இருக்கறவ முட்டி மடக்கல. கீழ, ஃப்ரிட்ஜ உதைக்கப் போறா. நடுவுல யாரோட அப்பாவோ துண்டோட போறாரு..." எப்படி? மேடையெல்லாம் தொறந்து நான் வேலைக்குத் திரும்பினா லைட் போடமாட்டேன்க்கா. ஓரத்துல நின்னு குத்தம்தான் சொல்லிட்டிருப்பேன்.

அக்கா: இப்ப மட்டும் என்ன பண்றியாம்.

தம்பி: சிரிக்கற.

அக்கா: இல்ல.

தம்பி: மாஸ்க் மேல ஏறுது. ஒரு பக்கமா... அக்கா, தப்பா சொல்லல...

அக்கா: விடு. ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரியவே இல்லடா. ஹால்ல இத்தன வருஷம் எதிர்ல நின்னுதானே சொல்லிக்குடுத்தேன்? ஒருநாளும் அதுங்களுக்கு இடது வலது குழம்பினதில்ல. ஃபோனுக்கு வந்ததும் மொத்தமா குழம்பிடுச்சே! அந்த நெட்டச்சி இருக்காளே, தூக்கத்துல எழுப்பினாலும் தப்பா ஆடமாட்டா. அவளுமா?

தம்பி: அது... கேமரா. கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டும்.

அக்கா: எல்லாருக்குமா?

தம்பி: சில ஃபோன் திருப்பும், சிலது திருப்பாது... சொன்னா உனக்குப் புரியாதுக்கா.

அக்கா: என்னவோ போ. "டீச்சர், நீங்க திரும்பி நில்லுங்க, உங்க பின்னாடி நிக்கற மாதிரி நெனச்சு ஆடறோம்"னு அந்த வாண்டு கேட்டுச்சு பாரு... போன உசிரு திரும்பி வந்துச்சுடா. அன்னிக்கோட எல்லாத்தயும் ஏறக்கட்டறதா இருந்தேன்.

தம்பி: தெரியும்.

அக்கா: உனக்கென்ன தெரியும்?

தம்பி: சலங்கைய துணியில சுத்தி பரண்ல போட்டியே. ஏறி எடுத்துட்டு வந்தது நான்தானே? மாஸ்க்க எடுக்கா. நான்தானே இருக்கேன்.

அக்கா: ஃபோன் அணைஞ்சுதானே இருக்கு?

தம்பி: பாரு. இருட்டா இருக்கு.

அக்கா: ... பாத்துக்கோ. இந்தப் பக்கம் சிரிக்குது. இந்தப் பக்கம் யாரோ விருந்தாளி மாதிரி சும்மா உக்காந்திருக்கு. கண்ணு மூடாது, புருவம் ஏறாது. தண்ணி குடிச்சா பாதி கழுத்துல போகுது. "தகதிமி" சொன்னா "மி" நழுவிடுது. படுத்து எந்திரிக்கறதுக்குள்ள பாதி மூஞ்சி போச்சு. டாக்டர் என்னடான்னா நரம்பு தூங்குது, தானா முழிச்சுக்கும்ங்கறாரு.

தம்பி: முழிச்சுக்கும்க்கா.

அக்கா: முழிக்கலன்னா? கையும் காலும் இருந்தா போதுமா? மூஞ்சில பேசறதுதான்டா என் தொழிலே. இதப் பாத்தா புள்ளைங்க பயந்துடும். இல்ல, பாவம்னு நெனைக்கும். அதுக்கு பயப்படறதே தேவல.

தம்பி: அதுங்க என்ன நெனைக்கும்னு நீயே முடிவு பண்ணிட்டியா?

அக்கா: ஆமா. உன்னத் தவிர ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது. தெரியவும் கூடாது. யார்கிட்டயாவது சொன்னியா?

தம்பி: என் வாயால யார்கிட்டயும் சொல்லல. சத்தியமா.

அக்கா: இதென்ன, அதுக்குள்ள அடிக்குது?

தம்பி: நெட்டச்சி. எப்பவும் முன்னாடியே வந்துடுவாளே. மாஸ்க்க போட்டுக்கோ... எடுக்கறேன். சொல்லும்மா!

நெட்டச்சி: வணக்கம் டீச்சர். இன்னிக்கு முகபாவம்தானே?

அக்கா: இல்லம்மா. அது... கொஞ்ச நாள் போகட்டும்.

நெட்டச்சி: ஐயையோ... சின்னப் புள்ளைங்க தானாவே ஆரம்பிச்சிடுச்சுங்க டீச்சர். பாட்டு அனுப்பினீங்கல்ல, அதுக்கு ஆடி எனக்கு வீடியோ அனுப்புதுங்க.

அக்கா: நல்லதுதானே?

நெட்டச்சி: நல்லதா? "அம்மா வரல"ன்னு ஏங்கற இடத்துல பல்வலி வந்த மாதிரி முழிக்குதுங்க. கோவத்துக்கு மூக்க விடைச்சு, கண்ண உருட்டி... ஒருத்தி நாக்கயே கடிக்கறா!

அக்கா: நாக்கயா? யாரு அவளுக்கு அப்படிச் சொல்லிக்குடுத்தது?

நெட்டச்சி: யாரும் சொல்லிக்குடுக்கல டீச்சர். அதான்.

அக்கா: இரு. டேய், சத்தத்த அணை.

தம்பி: அணைச்சுட்டேன்.

அக்கா: நாக்கக் கடிக்குதாம்டா! ஏக்கத்துக்குப் பல்வலியாம்! இது ஒட்டிக்கிச்சுன்னா அப்புறம் சாமானியத்துல போகாது. பின்னால நான் உக்காந்து ஒண்ணொண்ணா புடுங்கணும்.

தம்பி: ஆமா.

அக்கா: "ஆமா"ன்னு நிக்கறியே! அந்த விளக்க எடுத்து முன்னாடி வை.

தம்பி: அக்கா...

அக்கா: நேரா வைக்காத, கண்ணு கூசும். சாச்சு வை. அசையற பக்கத்துல வெளிச்சம் நல்லா விழணும். லைட்காரன்தானே நீ? நான் சொல்லணுமா?

தம்பி: வேண்டாம்... நீ சொல்லவே வேண்டாம். இப்படித் திரும்பு. நாடிய கொஞ்சம் தூக்கு. ஆங்.

அக்கா: ஏன்டா மூக்க உறிஞ்சற? அழுதேன்னா வெளிய அனுப்பிடுவேன். எல்லாம் வந்தாச்சா?

தம்பி: கட்டமெல்லாம் ரொம்பிடுச்சு.

அக்கா: சத்தத்த விடு... மாஸ்க்க எடுத்துட்டேன்... புள்ளைங்களா, என்னைப் பாருங்க. நல்லாப் பாத்துக்கோங்க. எனக்கு இடது பக்கம் அசையாது. ஒரு நோவு வந்துச்சு. எப்ப போகும்னு தெரியாது. அதுக்காகப் பாடம் நிக்காது. வலது பக்கத்துல நான் காட்டறேன், ரெண்டு பக்கத்துலயும் நீங்க கொண்டு வரணும். என்னைப் பாத்து பாதிய மட்டும் போட்டீங்க... தொலைச்சுடுவேன். புரிஞ்சுதா?

நெட்டச்சி: எல்லாரும் தலையாட்டறாங்க டீச்சர்.

அக்கா: யாருக்காவது பயமா இருந்தா இப்பவே சொல்லிடுங்க.

நெட்டச்சி: யாருக்கும் இல்ல டீச்சர். வாண்டு மட்டும் கை தட்டறா.

அக்கா: கை தட்டறதெல்லாம் அப்புறம். இனிமே நேரா நின்னுதான் சொல்லிக்குடுப்பேன். உங்களுக்கு மறுபடியும் இடது வலது குழம்பும். பழகிக்கணும், வேற வழியில்ல.

நெட்டச்சி: குழம்பாது டீச்சர்.

அக்கா: எப்படிக் குழம்பாது? அன்னிக்கு ஒருத்தி விடாம...

தம்பி: அக்கா... நான் என் வாயாலதான் சொல்லல.

அக்கா: என்னடா உளர்ற?

தம்பி: அந்த முதல் வாரம்... கிளாஸ் முடிஞ்சுதுன்னு நீ மாஸ்க்க எடுத்து தண்ணி குடிச்ச. நான் ஃபோன அணைக்க மறந்துட்டேன்.

அக்கா: ... அப்போ இவங்கெல்லாம்... ஏய் நெட்டச்சி, நீ நிஜமாவே குழம்பலியா?

நெட்டச்சி: ஒரு தடவகூட குழம்பல டீச்சர். நீங்க திரும்பி நிக்கறதுக்கு ஒரு சாக்கு வேணும்ல... எல்லாரும் ஒரே மாதிரி தப்பா ஆடினாத்தானே நம்புவீங்க? அதுக்குத் தனியா ஒத்திகை பாத்தோம்.