மூன்றாவது மருதமரம்

சாரல் தொடங்கிவிட்டால் மேலகரத்தில் துணி காய மூன்று நாள் ஆகும். காகிதமும் நமுத்துவிடும். மைப்பேனாவில் எழுதினால் ஊறிப்போகும் என்பதால் பால்பாயிண்ட் பேனாவில் எழுதுகிறேன். சில இடங்களில் அடித்து எழுதியிருக்கிறேன். அடித்த ஒவ்வொரு இடத்திலும் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். விசாரணை அதிகாரியான உங்களுக்கு அது பழக்கமானதுதான்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. நூலகத்துக்கு நான் கொடுத்த ஆய்வுக் காகிதங்களில், முப்பத்தொன்றாவது பெட்டிக்குள் அந்தச் செயின் எப்படி வந்தது? ஒரு வரியில் பதில் சொல்லலாம். அப்படிச் சொன்னால் என்னைத் தவறாகப் புரிந்துகொள்வீர்களோ என்று பயமாக இருக்கிறது. சரியாகப் புரிந்துகொண்டுவிடுவீர்கள் என்ற பயமாகவும் இருக்கலாம். எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

என் பெயர் சிவனணைந்தபெருமாள். சொந்த ஊர் வீரகேரளம்புதூர். முப்பது வயதில் நேரடி டி.எஸ்.பி.யாகத் தென்காசிக்கு வந்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஐ.ஜி.யாக ஓய்வு பெற்றேன். இடையில் குற்றவியலில் முனைவர் பட்டம், நான்கு புத்தகங்கள், இரண்டு பதக்கங்கள். இவையெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கும். கோப்பில் இல்லாத ஒன்று: தென்காசியில் இருந்த முதல் வருடம் வாரம் மூன்று நாள் திருநெல்வேலிக்குப் போய் மாலை வகுப்பில் குற்றவியல் படித்தேன். வகுப்பில் கேட்டதையும் பகலில் ஸ்டேஷனில் பார்த்ததையும் ஒரே டைரியில் எழுதுவேன். இரண்டும் பொருந்தாத இடங்களில் பென்சிலால் கேள்விக்குறி போடுவேன். அந்த வருட டைரியில் கேள்விக்குறிகள் அதிகம்.

1994 ஜூலை 18, திங்கட்கிழமை காலை, பேரருவிக்குக் கீழே சிற்றாற்றுப் பாறைகளுக்கிடையில் ஒரு உடல் கிடந்தது. ராஜபாளையத்து ஜவுளி வியாபாரி சங்கரநாராயணன். வயது ஐம்பத்திரண்டு. பின்மண்டையில் காயம். கழுத்தில் எப்போதும் போட்டிருக்கும் ஆறு பவுன் முறுக்குச் செயின் இல்லை. உடம்பெல்லாம் எண்ணெய். முந்தின நாள் மாலை அவருக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவன் இசக்கிதுரை, பண்பொழிக்காரன், அருவிக்கரையில் அதுதான் அவன் தொழில். கடைசியாக அவரோடு இருந்தது அவன்தான். சீசன் நேரம். கூட்டம் குறைகிறது என்று லாட்ஜ்காரர்கள் புகார் சொன்னார்கள். மூன்று நாளில் முடிக்கும்படி மேலிடத்தில் சொன்னார்கள்.

இசக்கிதுரையை நான் அடிக்கவில்லை. அது என் முறை அல்ல. அடிப்பதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். நான் அடுத்த அறையில் உட்கார்ந்து வகுப்புக் குறிப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் மதியம் அவன் ஒத்துக்கொண்டான்.

போலீஸிடம் ஒத்துக்கொள்வது கோர்ட்டில் செல்லாது என்பது உங்களுக்குத் தெரியும். அதில் ஒரு வாக்கியம் மட்டும் செல்லும். 'என்னை அழைத்துச் சென்றால் செயினை மறைத்து வைத்துள்ள இடத்தை அடையாளம் காட்டுவேன்.' அவன் சொல்லி, நாங்கள் போய், பொருள் கிடைத்தால் வழக்கு நிற்கும். அந்த வாக்கியம் எங்களிடம் இருந்தது. செயின் இல்லை.

என் கல்யாணத்துக்கு மாமனார் போட்ட செயின் ஒன்று வீட்டில் இருந்தது. கிட்டத்தட்ட அதே எடை. சங்கரநாராயணனின் மனைவி சொன்ன அடையாளத்தை வைத்து, முருகன் டாலரோடு முறுக்குச் செயினாக அதை மாற்றி வாங்கினேன். என் மனைவி உமாராணி ரொம்ப நாள் அந்தச் செயினைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

ஐந்தருவி போகும் வழியில் ஆற்றோரம் வரிசையாக மருதமரங்கள். மூன்றாவது மரத்தின் வேரடியில் செயினைப் புதைத்து வைத்திருந்தோம். கிராம நிர்வாக அலுவலரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். இசக்கிதுரை இரண்டாவது மரத்தைக் காட்டினான்.

"ஏலே, நல்லாப் பாத்துச் சொல்லு" என்றார் இன்ஸ்பெக்டர் ரவி.

"நீங்கதான அய்யா ரெண்டாவதுன்னு சொன்னீங்க."

"மூணாவதுலே, மூதி. ஒரு மரத்த எண்ணத் தெரியல, இதுல இவன் கொலகாரனாம்."

கிராம நிர்வாக அலுவலர் சிரித்துவிட்டார். இசக்கிதுரையும் கூடச் சிரித்தான். நான் சிரித்தேனா என்று நினைவில்லை. பொருளைக் கைப்பற்றியதற்கான மகஜரில் மூன்றாவது மரம் என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். சங்கரநாராயணனின் மனைவி அந்தச் செயினைக் கையில் வாங்கியதும் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். இது அவருடையதுதான் என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. துக்கத்தில் இருப்பவர்கள் எதை அடையாளம் காண்கிறார்கள் என்பதுதான் என் முதல் கட்டுரை. அது நல்ல கட்டுரை என்று இப்போதும் நினைக்கிறேன்.

அதுவரை நான் செய்தது எல்லா இடத்திலும் நடப்பதுதான். இசக்கிதுரைதான் குற்றவாளி என்று நானும் நம்பியிருந்தேன். ஒரு திருத்தம்: நம்புவது வசதியாக இருந்தது.

1995 ஏப்ரல் 12. கோடையில் அருவி வற்றிவிடும். பாறை இடுக்குகளில் சிக்கிய துணியையும் ஷாம்பு பாக்கெட்டுகளையும் அப்போதுதான் அள்ளுவார்கள். துப்புரவுப் பணியாளர் உலகம்மை அன்று காலை என் அலுவலகத்துக்கு வந்தாள். முந்தானையில் முடிந்து ஒரு செயினைக் கொண்டுவந்திருந்தாள். ஆறு பவுன் முறுக்குச் செயின். முருகன் டாலர். டாலரின் பின்பக்கம் 'ச' என்று வெட்டியிருந்தது.

"அந்த ராஜபாளையத்துக்காரரு கெடந்த எடத்துக்கு நேர் மேல, இடுக்குல மாட்டிக் கெடந்துச்சு அய்யா. எண்ணெக் காலோட பாறையில ஏறியிருப்பாரு. வருசத்துக்கு நாலு பேரு அங்கன வழுக்கி விழுதாங்க. பாவம், அந்த எண்ணெ தேய்க்க பையன விட்டுருவீங்கள்ளா?"

நல்ல காரியம் செய்தீர்கள் என்றேன். அவள் ரசீது கேட்டாள். பொருளை வாங்கினால் ரசீது கொடுப்பது முறை. கொடுத்தேன். கார்பன் நகலை டைரியில் ஒட்டினேன். செயினை ஒரு உறையில் போட்டு டைரியோடு வைத்தேன். அன்றைய தேதியில் எல்லாவற்றையும் எழுதினேன். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு நூலகத்தில் பெட்டிகளை அடுக்கிய ஃபாயிஸா என்ற ஆராய்ச்சி மாணவி படித்தது அந்தப் பக்கத்தைத்தான். நான் அதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் குறிப்பைக் கிழிப்பவன் ஆய்வாளன் அல்ல.

அப்போது வழக்கு விசாரணைக்கே வரவில்லை. அந்தச் செயினோடு நான் கோர்ட்டுக்குப் போயிருந்தால் இசக்கிதுரை அந்த வாரமே வீட்டுக்குப் போயிருப்பான். நான் அவசரப்படவில்லை. டைரியில் நடுவில் கோடு போட்டு இரண்டு பத்தியாகப் பிரித்தேன். இடப்பக்கம், உண்மையைச் சொன்னால் யாருக்கெல்லாம் கேடு: இன்ஸ்பெக்டர் ரவி, கிராம நிர்வாக அலுவலர், செயினைப் பார்த்து ஆறுதல் அடைந்திருந்த அந்த அம்மா, என் மனைவி, இன்னும் தகுதிகாண் பருவம் முடியாத நான். வலப்பக்கம், சொல்லாவிட்டால் யாருக்குக் கேடு. வலப்பக்கத்தில் ஒரு பெயர்தான் இருந்தது. மூன்று நாள் யோசித்தேன். நான்காம் நாள் மாலை வகுப்பு இருந்தது, போய்விட்டேன்.

1996இல் ஆயுள் தண்டனை.

அந்த ஜூலையில் முதல்முறையாகச் சிறைக்குப் போய் அவனைப் பார்த்தேன். குற்ற உணர்வால் போனேன் என்று பிறகு ஒரு முன்னுரையில் எழுதியிருக்கிறேன். அது சரியல்ல. அவன் என்ன சொல்லப்போகிறான் என்று தெரிந்துகொள்ளப் போனேன். அதன்பின் ஒவ்வொரு ஜூலையும் போனேன். நாற்பது கேள்விகள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றே. சங்கரநாராயணன் எப்படி இறந்தார்?

"எனக்கு எப்படித் தெரியும் அய்யா? எண்ணெ தேச்சேன். எந்திரிச்சுப் போனாரு." இது முதல் வருடம். பதினான்காம் வருடம் வரை கிட்டத்தட்ட இதே பதில்தான்.

தண்டனை பெற்ற பிறகும் குற்றத்தை மறுப்பவர்களைப் பற்றிய என் ஆய்வு இதிலிருந்துதான் பிறந்தது. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு ஆயுள் கைதிகளைப் பேட்டி கண்டேன். மறுப்பின் ஆழத்தை நாற்பதுக்கு மதிப்பெண்ணாக அளக்கும் முறை ஒன்றை உருவாக்கினேன். மதிப்பெண் கூடினால் மனம் திருந்தவில்லை என்று பொருள். முன்விடுதலைக் கோப்புகளில் அதைச் சேர்க்கும் வழக்கம் வந்தது. இசக்கிதுரையின் மதிப்பெண் முப்பத்தெட்டு. 2008இல் அவனோடு இருந்தவர்கள் விடுதலையானார்கள். அவன் மனு தள்ளுபடியானது. அந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்டவன் நான் அல்ல. எண் மட்டும்தான் என்னுடையது.

அந்த ஆண்டு தென்காசியில் ஒரு கருத்தரங்கில் பேசிவிட்டு வெளியே வந்தபோது பள்ளிச் சீருடையில் ஒரு பெண் நின்றாள்.

"அய்யா, நான் இசக்கிதுரை மக. முத்துச்செல்வி."

"தெரியும்மா. பன்னெண்டாவது படிக்க, இல்லையா?"

"செய்யலன்னு சொன்னா உள்ள வச்சிருப்பாங்களாம். செஞ்சேன்னு சொன்னா வெளிய விடுவாங்களாம். இது எந்த ஊரு நியாயம்னு எங்கம்மா கேட்டுட்டு வரச் சொன்னா."

"அதுக்குப் பேரு மனமாற்றம்மா."

"அப்போ செஞ்சவன் வீட்டுக்குப் போவான். செய்யாதவன் சாவுத முட்டும் உள்ள கெடக்கணும். நல்லாத்தான் படிச்சிருக்கீங்க அய்யா."

அவள் சொன்னதில் ஏதாவது பிழை இருக்கிறதா என்று அன்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில், இந்த அளவீட்டின் குறைபாடுகள் என்ற தலைப்பில் ஒரு பத்தி சேர்த்தேன்.

அடுத்த ஜூலையில் இசக்கிதுரையிடம் அன்பாகத்தான் பேசினேன். ஒத்துக்கொள்வதால் என்ன நன்மை என்று விளக்கினேன். வெறும் வாயால் சொன்னால் போதாது, மதிப்பெண் குறையாது, மனதில் இருந்து வர வேண்டும் என்றும் சொன்னேன். இரவில் படுக்கும்போது அந்த மாலையை ஒருமுறை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். கல் கையில் இருப்பதாக நினைத்துப் பார். அவன் படிக்காதவன், ஆனால் சொன்னதை ஒழுங்காகச் செய்வான்.

2010இல் பதினைந்தாவது பேட்டி. முதல் கேள்வியைக் கேட்டேன்.

"நான்தான் அய்யா" என்றான். "கல்லால அடிச்சேன். செயின அறுத்தேன். மூணாவது மருதமரத்து வேருல பொதச்சேன்."

மூன்றாவது என்று தயங்காமல் சொன்னான். அழுதான். மதிப்பெண் இரண்டு. 2012இல் விடுதலையானான். அதற்கு முன்பே அவன் மனைவி இறந்துவிட்டாள்.

போன வாரம் நீங்கள் பண்பொழிக்குப் போய் அந்தச் செயினை அவனிடம் காட்டியதை முத்துச்செல்வி வந்து சொன்னாள். பகல் பதினொரு மணி இருக்கும். மழையில் வாசலிலேயே நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அது விபத்துதான், நீங்க ஒண்ணும் செய்யலன்னு அவ்வளவு நேரம் எடுத்துச் சொன்னாங்க. எங்கப்பா செயினத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, நான் எடுத்தது இது இல்ல, இது வேறங்காரு. ஏட்டி, அய்யா மேல பழி போடாத, பாவம் பண்ணுனது நான்னு என்னைய வையுதாரு. செவ்வாக்கெழம தவறாம திருமலைக் கோயில் படி ஏறி, செத்துப்போன அந்த மனுசன் பேரச் சொல்லி வெளக்குப் போடுதாரு. முட்டி தேஞ்சு போச்சு, ஏறாதீங்கன்னா கேக்கமாட்டேங்காரு."

துவட்டிக்கொள்ளத் துண்டை நீட்டினேன், அவள் வாங்கவில்லை.

"எங்கப்பாவ எங்க வச்சிருக்கீங்க அய்யா? அத மட்டும் சொல்லுங்க. எங்க வீட்ல இருக்குதது அவரு இல்ல."

அவள் குடையை விரித்துக்கொண்டு போனாள்.

எனவே என் பதிலை எழுதுகிறேன். சங்கரநாராயணனை யாரும் கொல்லவில்லை. இது 1995 ஏப்ரல் 12 முதல் எனக்குத் தெரியும். மருதமரத்தடியில் கிடைத்த செயின் நான் செய்து வைத்தது. உண்மைச் செயினை என்னிடமே வைத்துக்கொண்டு, இசக்கிதுரை குற்றமற்றவன் என்று அறிந்தே பதினைந்து முறை அவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இதைத் தெளிந்த மனதோடு எழுதியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் உங்கள் அறிக்கையில் விட்டுவிடாமல் சேர்க்க வேண்டுகிறேன், இல்லாவிட்டால் பதிவு முழுமையாகாது. நான் பேட்டி கண்ட இருநூற்றுப் பதினான்கு பேரில் முழுமையாகத் திருந்தியவன் இசக்கிதுரை ஒருவன்தான்.