அத்தானுக்குக் காட்டின மீன்

வெட்டு, வெட்டு. கதைக்காமலே வெட்டு. நான் என்ன கதை கேக்கவே வந்தனான், தலைமயிர் வெட்ட வந்தனான். பாரிசிலை, அதுவும் லா சப்பலிலை, சலூனுக்கு என்ன பஞ்சமே? உன்ரை வாசல்லை இருந்து மெற்றோ மட்டும் நடந்தா, ரெண்டு கடைக்கு ஒரு சலூன். ஒவ்வொருத்தனும் "வாங்கோ பொன்னம்பலம் அண்ணை, இருங்கோ அண்ணை" எண்டு கதவைத் திறந்துகொண்டு நிக்கிறான். அவ்வளவு பேரையும் தாண்டி உன்ரை கதிரையிலை வந்து இருக்கிறன். நீ என்னடாவெண்டா, துணியைக் கழுத்திலை கட்டேக்கை ஒரு இழுவை இழுத்தாய் பார்... வேணுமெண்டு தான் இழுத்தனீ. எனக்குத் தெரியும். பரவாயில்லை, இழு.

பின்பக்கம் ஒட்ட வெட்டாதை. வீட்டிலை மனுசி நாகேஸ்வரி பேசுவாள். போனமுறை நான் வீட்டை போக, ஆசுப்பத்திரியிலை தலையிலை ஒப்பிறேசன் செய்ய வெட்டினமாதிரிக் கிடக்கு எண்டவள். அது கிடக்கட்டும். அவள் இப்ப வேறை ஒரு விசாரணை நடத்திறாள். ஏனப்பா ரெண்டு ஞாயிறா வீட்டுக்கையே உலாத்திறியள், றூபன் வரேல்லையோ எண்டு கேட்டாள். என்னத்தைச் சொல்ல? உனக்குக் காய்ச்சல் எண்டு சொல்லிப்போட்டன். அவள் உடனை மிளகு ரசம் வைக்க வெளிக்கிட்டிட்டாள். போத்திலிலை விட்டு, சுத்திக் கட்டி, உனக்குக் குடுக்கச்சொல்லித் தந்தவள். நான் அதைக் கார் து நோர் ஸ்ரேசன் பிளாட்பாரத்திலை நிண்டு குடிச்சனான். என்ன செய்யிறது. நல்ல ரசம்.

உன்ரை முகத்தைக் கண்ணாடியிலை ஒருக்காப் பார், றூபன். ஒரு மீனுக்கு மனுசன் மனுசனோடை கதைக்காமல் விடுறதே? அதுவும் காய்ச்சித் திண்ட மீனெண்டாலும் ஒரு நியாயம் இருக்கு. பிடிச்சுத் திருப்பித் தண்ணியிலை விட்ட மீன். அந்த மீனே இந்நேரம் மறந்திருக்கும்.

எனக்கு உந்தப் பிளாக் பாஸ் மீனைப் பற்றி என்ன தெரியும், சொல்லு? எனக்கு மீனெண்டா விளை, பாரை, ஒட்டி. குழம்புக்கு வராத மீனுக்கும் ஒரு பேர் இருக்கெண்டே உன்னோடை வந்தாப் பிறகு தான் அறிஞ்சன். நீ தானே எனக்கும் சேத்து மீன் பிடிக்கிற அனுமதிக் கார்த் எடுத்துத் தந்தனீ. நான் கேட்டனானே? ஞாயிற்றுக்கிழமை நிம்மதியா நித்திரை கொண்ட மனுசனை விடியப்புறம் எழுப்பி, காரிலை ஏத்தி, அந்தக் குளத்தடியிலை கொண்டுபோய் விட்டனீ. அதுவும் ஒரு குளமே... இவங்கள் பிரெஞ்சிலை லாக், லாக் எண்டு பெரிய ஏரி மாதிரிச் சொல்லுறாங்கள். இந்தக் கரையிலை தும்மினா அந்தக் கரையிலை இருக்கிற வெள்ளைக்காரக் கிழவன் திரும்பிப் பாப்பான்.

குளிரெண்டா அப்பிடியொரு குளிர். பங்குனி பிறந்திட்டுது, ஒரு மரத்திலையும் இலை இல்லை. நான் ஒரு மடக்குக் கதிரையிலை, ரெண்டு சுவெற்றர், அதுக்கு மேலை ஒரு ஜக்கெற், மடியிலை றோல்ஸ் பார்சல். நீ றப்பர் புழுவைக் கொழுவி எறிஞ்சுபோட்டு, சிலை மாதிரி நிப்பாய். நான் ஏதும் ஒரு கதை சொல்லத் தொடங்கினா, "அண்ணை, மெல்ல, மீன் கலைஞ்சுபோம்" எண்ணுவாய். எனக்கு வந்த சிரிப்பு. மீனுக்குத் தமிழ் விளங்குமே?

ஓம் ஓம், அந்தக் காதைக் கவனம். கத்தரி குளிருது.

உண்மையைச் சொல்லோணும், அண்டைக்கு நீ சொன்னதெல்லாம் அச்சொட்டாச் சரியா இருந்தது. தண்ணி இன்னும் குளிர், மீனுக்கு உடம்பு வளையாது, அவசரப்பட்டு இழுத்தா அது திரும்பியும் பாராது எண்டாய். வெயில் முதல் படுற கரையிலை, நாணலுக்குப் பக்கத்திலை, ஆழமில்லாத இடத்துக்குத் தான் இந்த நாளையிலை மீன் வரும் எண்டாய். புழு நிலத்தோடை ஊர்ந்து வரோணும், ஊர்ந்து நிக்கோணும் எண்டாய். நான் ஒரு றோல்ஸைக் கடிச்சுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தன். அப்ப தான் உன்ரை தடி வளைஞ்சுது.

என்ரை கடவுளே. நான் அந்த மீனைக் கனவிலையும் காணுறன் றூபன். பச்சையும் கறுப்புமா, வயிறு ஊதி, வாயெண்டா வாய், என்ரை கை முழுக்க உள்ளை போம். நீ முழங்கால் மட்டும் தண்ணிக்கை இறங்கி, அதின்ரை கீழ்ச்சொண்டைப் பெருவிரலாலை பிடிச்சுக்கொண்டு நிண்டனீ. உன்ரை போன் காருக்கை சார்ச்சிலை. "அண்ணை, கெதியா ஒரு படம்" எண்டாய். அவ்வளவு தான் சொன்னனீ. நான் ஒத்துக்கொள்ளுறன். வீடியோ எண்டு நீ சொல்லேல்லை. ஒரு படம் எண்டு தான் சொன்னனீ.

ஆனா எங்கடை சனத்துக்குக் கை சும்மா நிக்குமே? பிள்ளைக்குப் பல்லு முளைச்சாலும் வீடியோக் கோல். செத்தவீட்டிலை பெட்டி மூடேக்கையும் வீடியோக் கோல். எனக்கு அந்த நேரம் உன்ரை அத்தான்ரை நினைவு தான் வந்தது. ரொறொன்ரோவிலை இருக்கிற ஞானரட்ணத்தார். உன்ரை அக்கான்ரை புருசனெண்டாலும் சொல்லுறன், அந்த மனுசன் வீடு வித்துக் குடுக்கிற வேலையிலை பெரியாளான நாளிலை இருந்து, உன்னோடை கதைக்கேக்கை எல்லாம் ஒரே கேள்வி. "என்ன தம்பி, இன்னும் சலூன் தானோ?" நீ போனை வைச்சிட்டு அடுத்த ஆளின்ரை கழுத்திலை துணி கட்டுவாய். நான் பக்கத்திலை இருந்து பாத்திருக்கிறன் தானே. அந்த மனுசன் இந்த மீனைப் பாக்கோணும், படத்திலை இல்லை, உயிரோடை, துடிக்கத் துடிக்கப் பாக்கோணும் எண்டு நினைச்சன். அது பிழையே?

அங்கை இன்னும் விடியேல்லை. நான் என்ரை போனிலை வீடியோக் கோல் அடிச்சன், ரெண்டாந்தரம் அடிக்கத் தான் எடுத்தவர். நீ தண்ணிக்கை நிண்டு "அண்ணை, எடுத்தாச்சோ, இது களைக்குது" எண்டு கேக்கிறாய். நான் "பாருங்கோ, வடிவாப் பாருங்கோ" எண்டு போனைத் தூக்கிப் பிடிக்கிறன். அவர் "பாக்கிறன், பாக்கிறன்" எண்டுறார். எனக்கென்னடாப்பா தெரியும், அந்தக் கமெரா என்ரை முகத்தையே காட்டிக்கொண்டு நிண்டிருக்கு எண்டு? அதுக்குள்ளை நீ, இனி வைச்சிருந்தாச் செத்துப்போம் எண்டு சொல்லி விட்டிட்டாய். அது வாலாலை ஒரு அடி அடிச்சுது, என்ரை காற்சட்டை நனைஞ்சுது, போட்டுது.

சரி, போட்டுது. மீன் தானே. அதோடை விட்டிருந்தா நீயும் ரெண்டு நாள் முறைச்சிட்டு விட்டிருப்பாய். அந்த மனுசன் போனிலை தெரிஞ்சதைப் படமாப் பிடிச்சுக் குடும்ப வட்சப் குறூப்பிலை போட்டதாலை வந்த வினை. முழுக்க என்ரை முகம். தோளுக்குப் பின்னாலை ஒரு வால். உன்ரை சட்டைக் கை கொஞ்சம். "பாரிசிலை எங்கடை பொன்னம்பலம் அண்ணை பிடிச்ச மீன்" எண்டு கீழை எழுதினது அவர். நான் எழுதேல்லை. அதுக்கு லண்டன், நோர்வே, சுவிஸ் எண்டு சனம் வாழ்த்துச் சொல்லத் தொடங்கினா நான் என்ன செய்யிறது? கும்பிடுற கையைப் போட்டன். மரியாதைக்கு. நன்றியெண்டு ஒரு சொல் எழுதேல்லை.

என்ன அப்பிடிக் கண்ணாடியிலை பாக்கிறாய்?

ஓம், வொய்ஸ் மெசேச் ஒண்டு போட்டன் தான். எப்பிடிப் பிடிச்சனீங்கள் எண்டு சனம் கேக்குது, பதில் சொல்லாட்டித் தலைக்கனம் எண்டெல்லே சொல்லுவினம். சின்னக் குளம் தான், ஆனா நுணுக்கம் தெரியோணும், வெயில் படுற கரையைப் பாக்கோணும், அவசரப்படக்கூடாது... அவ்வளவு தான் சொன்னனான். சரி, ரெண்டு மெசேச். ரெண்டாவதிலை புழுவைப் பற்றிச் சொன்னனான். உன்ரை குரலிலையே சொன்னமாதிரி இருந்தது எண்டு நீ நினைச்சிருப்பாய். நினைச்சிருப்பாய் எண்டு எனக்குத் தெரியும், அண்டு பின்னேரமே நீ குறூப்பை விட்டு வெளிக்கிட்டிட்டாய்.

இல்லை, பொறு. அதுக்கும் நீ வெளிக்கிடேல்லை. எனக்குத் தெரியும் எதுக்கு வெளிக்கிட்டனீ எண்டு. உன்ரை அத்தான் எழுதினார் தானே, "எங்கடை றூபனையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்கோ அண்ணை, பாவம், சலூனுக்கையே கிடக்கிறான்" எண்டு. நான் அதுக்கு... நான் அதுக்குக் கீழை "பாப்பம்" எண்டு போட்டன்.

ஏன் கத்தரியை நிப்பாட்டினனீ? வெட்டு. இல்லாட்டி நிப்பாட்டு. நிப்பாட்டினாலும் நியாயம் தான்.

ஏன் போட்டனான் எண்டு கேளன். கேக்கமாட்டாய். நானே சொல்லுறன். அந்தக் குறூப்பிலை நான் ஆர்? உங்கடை அம்மா வழியிலை எங்கையோ ஒரு தூரத்துச் சொந்தம், அக்கான்ரை கலியாணத்துக்குப் பந்தி பாத்தவர் எண்டு சேத்து வைச்சிருக்கினம். பொங்கலுக்கும் வருசத்துக்கும் நான் வாழ்த்துப் போடுவன், ஒருத்தரும் ஏனெண்டு கேக்கமாட்டினம். அண்டைக்குத் தான் "அண்ணை, அண்ணை" எண்டு நாள் முழுக்க என்ரை பேர் அடிபட்டுது. வேலை செய்யிற கடையிலை அரிசி மூட்டை தூக்கேக்கையும் போனைப் பாத்தன். கடை முதலாளி, அந்தப் பத்ரோன், பேசினவன், பிறகும் பாத்தன். நல்லா இருந்ததடா. அது தான் விசயம். நல்லா இருந்தது.

அதுக்காக நான் சும்மா இருந்திட்டன் எண்டு நினையாதை. நேற்று உன்ரை அத்தானுக்கு எடுத்தனான். நேரடியாச் சொன்னன், ஞானரட்ணத்தார், அந்த மீன் றூபன் பிடிச்சது, நான் கரையிலை றோல்ஸ் திண்டுகொண்டு இருந்தனான், நான் சொன்ன நுணுக்கமெல்லாம் அவன்ரை நுணுக்கம் எண்டு. ஒண்டும் மறைக்கேல்லை. அந்த மனுசன் ஓம் ஓம் எண்டு கேட்டார். பேந்து என்ன சொன்னவர் தெரியுமே? "அண்ணை, நீங்கள் பெருந்தன்மையான ஆள். தான் பிடிச்ச மீனை இன்னொருத்தன்ரை பேரிலை போடுறதுக்கு இந்தக் காலத்திலை ஆருக்கு மனம் வரும்" எண்டு. நான் என்ரை தாய் மேலை சத்தியம் பண்ணினன். அவருக்கு இன்னும் நம்பிக்கை கூடிப்போச்சு. இண்டைக்குக் காலமை குறூப்பிலை அதையும் போட்டிருக்கிறார். பொன்னம்பலம் அண்ணையின்ரை பெரிய மனம் எண்டு. இப்ப முந்தியிலும் பாக்கக் கூட வாழ்த்து வருது.

சிரிச்சனியோ? இல்லையோ? சரி. இருமினாய் எண்டு வைப்பம்.

இனி என்னாலை ஒண்டும் செய்ய ஏலாது றூபன். நான் கட்டின பொய்யை நானே அவிழ்க்க ஏலாமல் நிக்கிறன். வாற ஞாயிறோடை அந்தக் குளத்தைப் பூட்டப் போறாங்கள், மீன் முட்டை விடுற காலமாம், கேற்றிலை எழுதிக் கிடந்ததை நீ தானே வாசிச்சுக் காட்டினனீ. நீ கூட்டிக்கொண்டு போகாட்டி நான் போகேல்லை. எனக்குக் காருமில்லை, புழுவைக் கொழுவவும் தெரியாது. அதுக்கு நான் அழேல்லை.

ஆனா ஒண்டை யோசி. உன்ரை அத்தான் காணேல்லை. உன்ரை அக்கா காணேல்லை. படமெண்டு இருக்கிறதிலையும் ஒரு வால் தான். அந்த மீனைக் கண்டது உலகத்திலை நீயும் நானும் தான். அது வாயைத் திறந்ததும், நீ விட்டிட்டு வெறுங்கையைப் பாத்துக்கொண்டு நிண்டதும் நான் தான் கண்டனான். என்னோடை கதைக்காட்டி, அந்த மீனைப் பற்றி இனி ஆரோடை கதைக்கப் போறாய்? நீ சொன்னா நம்ப ஆளில்லை. நான் சொன்னாலும் நம்பீனமில்லை. நாங்கள் ரெண்டு பேரும் இருந்து கதைச்சாத் தான் அப்பிடியொரு மீன் இருந்தது.

நல்ல மீன். ரெண்டு கிலோ வந்திருக்கும்.

என்ன?

என்ன சொன்னனீ, இன்னொருக்காச் சொல்லு... மூண்டோ? ஓமடாப்பா, மூண்டு தான். மூண்டுக்கு ஒரு சொட்டும் குறையாது. நான் பக்கத்திலை நிண்டனான் தானே.