வால்வெள்ளிக்கு ஒரு பொங்கல்

விடியப்புறத்தில் கிழக்கு வானத்தில் வால்வெள்ளி தெரிந்த வருஷம் அது. மட்டக்களப்பிலிருந்து தேற்றாத்தீவுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி புதுப்பெண்ணின் தாய், மற்றவள் மாப்பிள்ளையின் தாய். எனக்கு எழுத்து வாசிப்புத்தான் குறைவு, காது நல்லாகவே கேட்கும்.

“மச்சாள், அந்த வால்வெள்ளிக்கு ஒரு பொங்கல் வைக்கப் போறன்,” என்றாள் பெண்ணின் தாய்.

“என்னகா விசர்க்கதை? ஊரெல்லாம் அதக் கண்டு பயந்து கிடந்திச்சு.”

“அது மறைஞ்ச பிறகு கலியாணத்த வைப்பமெண்டு நீங்கதானே தள்ளிப் போட்டீங்க. அப்ப சீதனமாக் குடுக்கிற வீட்டுக்குக் கூரை ஓடே போடல்ல. அத எப்பிடி உங்களுக்குச் சொல்றதெண்டு செத்துப் பிழைச்சன்.”

மாப்பிள்ளையின் தாய் சிரித்தாள். “எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“நாள் வைக்க வந்த அண்டைக்கு அந்தச் சீதன வீட்டுக்குள்ள நிண்டு அண்ணாந்து பாத்தன். வானம் தெரிஞ்சிது. வால்வெள்ளி வெறும் பனியும் தூசியுமெண்டு ரேடியோவில சொன்னாங்க. எனக்கு அதில பயமில்ல. கலியாணத்தத் தள்ளிப் போட நாலு பேருக்கு முன்னால சொல்ல ஒரு சாட்டு வேணும், அவ்வளவுதான்.”

ஆரையம்பதி தாண்டும் வரைக்கும் பெண்ணின் தாய் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அது இனி எப்ப வருமாம், மச்சாள்?”

“நம்மட காலத்தில வராதாம். ஏன்?”

“இளையவளுக்கும் ஒரு வீடு கட்ட வேணும்.”

“அவசரமில்ல, ஆறுதலாக் கட்டுங்க. அவளையும் என்ட சின்னவனுக்கே தாங்க. ஒரு கிரகணமாவது வராமலா போகும்?”